வளர்ற பிள்ளைதானே என்று பெரிய கிட்டார் வாங்காதீர்கள்!

திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் அளவு சொல்லித் தர வேண்டியதில்லை. 75, 80, 85, 90 என்று பனியன் சைஸ் எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெருவுக்குத் தெரு பவர் டேபிள் ஓடுகிற ஊர் இது. கால் அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் செக்கிங்கில் இருக்கும் பெண் அந்தப் பீஸைத் தூக்கித் தனியே போட்டுவிடுவாள். இப்படி அளவை வைத்தே பிழைக்கிற நாம், குழந்தைக்குக் கிட்டார் வாங்கப் போகும்போது மட்டும் அளவை மறந்துவிடுகிறோம்.

"வளர்ற புள்ளைதானே, பெருசாவே வாங்கிடலாம். நாலு வருஷத்துக்கு அப்புறமும் ஆகும்" என்று பெரிய கிட்டாராகப் பார்த்து வாங்கிவிடுகிறோம். பள்ளிக்கூட யூனிபாரத்தை ஒரு சைஸ் பெரிதாக எடுத்து, கீழே மடித்துத் தைத்து, வருடா வருடம் பிரித்துவிடுவது நம் அம்மாக்கள் காலத்திலிருந்து வரும் சிக்கனம். நல்ல சிக்கனம்தான், நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் கிட்டாரை மடித்துத் தைக்க முடியாதே!

பெரிய கிட்டாரைக் கையில் வாங்கிய குழந்தை இரண்டு மாதம் அதோடு போராடுகிறது. விரல் எட்டுவதில்லை. எட்டினால் அழுத்த முடிவதில்லை. அழுத்தினால் வலிக்கிறது. அப்படியும் 'டப்' என்று செத்த சத்தம்தான் வருகிறது. மூன்றாவது மாதம் கிட்டார் பரணுக்குப் போய்விடுகிறது. அது போனால் போகட்டும், காசோடு போயிற்று. "உனக்கு இதெல்லாம் வராது, இனிமே எதுவும் கேக்காதே" என்று நாம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது. கிட்டாரின் குறையைத் தன் குறை என்றே குழந்தை நம்பிவிடுகிறது.

இதையெல்லாம் சொல்ல நான் சங்கீதம் படித்தவள் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். வீட்டில் இரண்டு தையல் மெஷின் போட்டிருக்கிறேன். என் கணவர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என் சின்ன மகளுக்குக் கிட்டார் வாங்கப் போய், விசாரித்து விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுக் கிட்டார்

2024-ஆம் வருடம். மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி ஆண்டு விழாவில் பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி கிட்டார் வாசித்ததைப் பார்த்துவிட்டு, தனக்கும் வேண்டும் என்று ஆரம்பித்தாள். தீபாவளி போனஸ் வரட்டும் என்றார் என் கணவர். அதற்குள் விஷயம் பக்கத்து வீட்டு அக்கா காதுக்குப் போய்விட்டது.

"எதுக்கு அம்மிணி காசு போட்டு வாங்கறே? எங்க வூட்டுல ஒண்ணு சும்மாதானே கெடக்குது, எடுத்துக்க. எம் பையனுக்குத்தான் அந்த ராசி இல்லாமப் போச்சு" என்றார்.

2020-ல் கொரோனா ஊரடங்கு சமயத்தில், பையன் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறானே என்று போன் மூலம் ஆர்டர் பண்ணி வரவழைத்த கிட்டார் அது. அப்போது அவனுக்கு எட்டு வயது. போனில் வகுப்பு பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று வாங்கினார்கள். ஒன்றரை மாதத்தில் தூக்கிப் போட்டுவிட்டான். அக்கா அன்று பேசும்போது அந்தப் பையன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயதாகிவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

கிட்டாரை உடனே வாங்கிக்கொள்ளாமல், "மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கிக்கறேன்க்கா" என்று சொல்லி, எங்கள் பகுதியில் கிட்டார் சொல்லித் தருகிறவரிடம் அதை எடுத்துப் போனேன். அவர் வாங்கிப் பார்த்தார். இரண்டு தரம் வாசித்தார். கீழே வைத்துவிட்டார்.

"இது பெரியவங்க கிட்டாருங்க. பாப்பாவுக்குக் கை எட்டாது. கம்பி வேற மேல தூக்கிக்கிட்டு நிக்குது. இத என்னாலயே அரை மணி நேரம் வாசிக்க முடியாதுங்க. எட்டு வயசுப் பையன் இதுல என்னத்தங்க கத்துக்குவான்?"

அந்தப் பையனுக்கு ராசி இல்லை என்பதெல்லாம் வெறும் பேச்சு என்று அன்றைக்குப் புரிந்தது. அவன் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் அளவு.

தையல் டேப் எடுத்துப் போங்கள்

கிட்டாரில் நான்கு அளவுகள் வழக்கத்தில் இருக்கின்றன: கால், அரை, முக்கால், முழு. கடையில் கேட்டால் காட்டுவார்கள். எந்தக் குழந்தைக்கு எது என்பதற்கு மாஸ்டர் ஒரு கணக்குச் சொன்னார்.

நாலிலிருந்து ஆறு வயது, உயரம் சுமார் 120 செ.மீ.க்குள் என்றால் கால் அளவு.

ஆறிலிருந்து எட்டு வயது, 120 முதல் 135 செ.மீ. வரை என்றால் அரை அளவு.

எட்டிலிருந்து பதினொன்று, 135 முதல் 150 செ.மீ. வரை என்றால் முக்கால்.

அதற்கு மேல் என்றால் முழு கிட்டார்.

வயதையும் உயரத்தையும் பார்த்துவிட்டு, கடைசியில் கையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே பனியன் பொருந்துகிறதா என்ன?

கால், முக்கால் என்ற பெயரை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். முழுக் கிட்டாரில் கம்பியின் நீளம், அதாவது கழுத்தின் உச்சியிலுள்ள கட்டையிலிருந்து கீழே கம்பி உட்காரும் எலும்புப் பட்டை வரை, சாதாரணமாக 65 செ.மீ. இருக்கும். முக்கால் கிட்டாரில் அது 58 செ.மீ. அளவில் இருக்கும், அரையில் 53 செ.மீ. அளவில். கணக்குப்படி முக்கால் என்றால் 49 தானே வர வேண்டும் என்று கேட்டேன். பெயர்தான் அப்படி என்றார்கள். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறவும் செய்யும். அதனால்தான் தையல் டேப்பைக் கைப்பையில் போட்டுப் போகச் சொல்கிறேன். கடைக்காரர் விசித்திரமாகப் பார்த்தால் பார்க்கட்டும்!

அளந்த பிறகு குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்து, கிட்டாரை மடியில் கொடுங்கள். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். வலது கை கிட்டாரின் உடம்பைச் சுற்றி வரும்போது தோள் காதுப் பக்கம் தூக்கிக்கொள்ளக் கூடாது. இடது கை கழுத்தின் கடைசிக் கட்டத்தைத் தொடும்போது முழங்கை லேசாக மடங்கியே இருக்க வேண்டும். குச்சி மாதிரி நீட்டினால் அது பெரிய கிட்டார். இடது கை விரல்கள் நான்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் ஒன்றுக்கு ஒன்று உட்கார, குழந்தை அதிகம் முக்கக் கூடாது.

கட்டம் என்று சொன்னது, வீணையில் மெட்டு என்கிறோமே, அதுபோலக் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகளுக்கு நடுவில் உள்ள இடம். அந்தக் குறுக்குக் கம்பியை ஃப்ரெட் என்கிறார்கள்.

நைலானா, ஸ்டீலா?

அடுத்தது கம்பி. கிட்டாருக்கு ஆறு கம்பிகள். அது நைலானாகவும் இருக்கலாம், ஸ்டீலாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டு கிட்டாரும் ஒன்று போலத்தான் தெரியும். விரலுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் கிட்டாருக்கு ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்த நரம்புதான் கட்டுவார்களாம். இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1940களின் பிற்பாதியில், நியூயார்க்கிலிருந்த ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் கைவினைஞர் நைலானில் கம்பி செய்தார். ஸ்பெயின் நாட்டின் பெரிய கலைஞரான ஆந்த்ரே செகோவியா அதை வாசித்துப் பரப்பினார். அன்றிலிருந்து கிளாசிக்கல் கிட்டார் என்றால் நைலான் கம்பிதான். மெல்லிய மூன்று கம்பிகள் வெறும் நைலான். தடித்த மூன்றும் நைலான் இழைகளின் மேல் மெல்லிய உலோகக் கம்பி சுற்றியவை.

ஸ்டீல் கம்பி ஆறையும் சுருதி சேர்த்து முறுக்கினால் கழுத்தின் மேல் விழும் இழுவை சுமார் 70 கிலோ. நைலானில் அது 40 கிலோவை ஒட்டித்தான். ஒரு சின்ன விரல் எதை எளிதாக அழுத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து வயதுக்குக் கீழே நைலான்தான் நல்லது என்று மாஸ்டர் அடித்துச் சொன்னார்.

நைலானிலும் ஒரு சங்கடம் உண்டு, மறைக்கக் கூடாது. அதன் கழுத்து அகலம். முழு அளவில் உச்சிக் கட்டையில் சுமார் 52 மி.மீ. இருக்கும், ஸ்டீல் கிட்டாரில் 43 மி.மீ. அளவுதான். சின்னக் கைக்கு அகலக் கழுத்து கஷ்டம்தான். ஆனால் முக்கால், அரை அளவுகளில் கழுத்தும் குறுகிவிடுவதால் அது பெரிதாகத் தெரிவதில்லை. இன்னொன்று, நைலானின் நாதம் மென்மையாக இருக்கும். சினிமாப் பாட்டுக்கு 'ஜல்ஜல்' என்று தட்டி வாசிக்க வேண்டும் என்று பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை கேட்டால் அதற்கு ஸ்டீல்தான் சரி. அந்த வயதில் விரலும் தாங்கும்.

ஸ்டீல் வாங்கினால் மெல்லிய கம்பியாகக் கேளுங்கள். இங்கே நம் ஊர்க்காரர்கள் குழம்பக் கூடும். நூலில் 30-ஆம் கவுண்ட்டை விட 40-ஆம் கவுண்ட் மெலிசு. எண் ஏற ஏற நூல் மெலியும். கிட்டார்க் கம்பியில் தலைகீழ்! 10 என்பது மெலிசு, 12 தடிப்பு. அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்பது அதன் கணக்கு. குழந்தைகளுக்கு 10 போதும்.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டாதீர்கள். "சத்தம் நல்லா வரும்" என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கழுத்தும் பலகையும் அந்த இழுவைக்குச் செய்யப்பட்டவை அல்ல. கழுத்து வளையும், அடிப் பலகை பெயர்ந்து வரும்.

கடையில் பத்து நிமிடம்

அளவும் கம்பியும் முடிவானால், அந்த ஒரு கிட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே விலை, ஒரே மாடல் என்றாலும் இரண்டு கிட்டார் ஒன்று போல் இருக்காது. மரம்தானே!

*கம்பி உயரம்:* குழந்தையின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துப் போங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் நிறுத்தி, ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். நைலானில் மெல்லிய கம்பிக்கு 3 மி.மீ., தடித்த கம்பிக்கு 4 மி.மீ. அளவில் இருக்கலாம். ஸ்டீலில் 2 முதல் 3 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. இதற்கு மேல் தூக்கி நின்றால், "இறக்கித் தருவீங்களா?" என்று அங்கேயே கேளுங்கள். நல்ல கடைகளில் செய்து தருவார்கள்.

*கழுத்து:* துப்பாக்கியில் குறி பார்ப்பது போல ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீளவாக்கில் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டவே வேண்டாம்.

*ஃப்ரெட் ஓரம்:* கழுத்தின் இரு பக்கமும் விரலை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். பிசிறு குத்தினால் குழந்தையின் கையும் அப்படித்தான் கிழியும்.

*திருகாணி:* வீணையின் பிருடை போலக் கிட்டாரின் தலையில் ஆறு திருகாணிகள் உண்டு. சீராகத் திரும்ப வேண்டும். லொடலொடவென்று ஆடினால் சுருதி நிற்காது.

*சுருதி:* இதற்குச் சங்கீத ஞானம் தேவையில்லை, போன் போதும். சுருதி பார்க்கும் ட்யூனர் என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். கம்பியைச் சும்மா மீட்டினால் ஓர் எழுத்துக் காட்டும். அதே கம்பியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினாலும் அதே எழுத்தைக் காட்ட வேண்டும், முள்ளும் நடுவில் நிற்க வேண்டும். ஏனென்றால் அந்த இடம் கம்பியின் சரிபாதி. பாதிக் கம்பி அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே பாடும். முள் வெகுதூரம் தள்ளிப் போனால், அந்தக் கிட்டாரில் யார் வாசித்தாலும் அபஸ்வரம்தான்.

*கடைசியாக:* கடைக்காரரையே எல்லாக் கட்டத்திலும் ஒவ்வொரு கம்பியாக வாசிக்கச் சொல்லுங்கள். எங்காவது 'கிர்ர்' என்று உறுமினால் வேறொன்றை எடுக்கச் சொல்லுங்கள்.

குழந்தை இடது கைப் பழக்கம் உள்ளதாக இருந்தால், வாங்கும் முன்பே மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். அதற்குத் தனிக் கிட்டார் உண்டு. வலது கை முறையிலேயே சுகமாக வாசிக்கும் இடதுகைக்காரர்களும் உண்டு. முடிவு அவர் சொல்லட்டும்.

எங்கே, எவ்வளவு?

நம் நாட்டில் கிட்டார் செய்வதில் கொல்கத்தா பழைய ஊர். லால்பஜாரை ஒட்டிய ரவீந்திர சரணியில் இசைக்கருவிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கிவ்சன் என்று நம் பக்கத்துக் கடைகளில் காண்பதும் கொல்கத்தாக் கிட்டார்தான். ஜப்பானின் யமஹா கம்பெனி 2019-ல் சென்னைக்கு அருகே தொழிற்சாலை திறந்து, இங்கேயே கீபோர்டும் கிட்டாரும் செய்யத் தொடங்கியது. சென்னை அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிகல் 1842-ல் தொடங்கிய கடை, நம் கொள்ளுப்பாட்டிகள் பிறப்பதற்கும் முன்பு! திருப்பூரிலிருந்து சென்னை வரை போக வேண்டும் என்பதில்லை. கோயம்புத்தூர் போய்வந்தாலே நான்கைந்து கிட்டாரை மடியில் வைத்துப் பார்த்து வாங்கலாம்.

மிக மலிவாக விற்கும் கிட்டாரில் கம்பி உயரமும் திருகாணியும்தான் அனேகமாகத் தகராறு செய்யும். அதற்காக விலை உயர்ந்ததை வாங்கக் கடன் படவும் வேண்டாம். முதல் கிட்டாருக்கு மேல் பலகை ப்ளைவுட்டாக இருப்பது ஒரு குறையே இல்லை. வெயிலுக்கும் குளிருக்கும் அது முழு மரத்தை விட நன்றாகத் தாங்கும். பூ வேலை, பளபளப்பு, கலர் இதற்கெல்லாம் கொடுக்கும் காசை, கம்பியை இறக்கிச் சரி செய்வதற்குக் கொடுங்கள்.

கூடவே வாங்க வேண்டியவை: தடித்த பஞ்சு வைத்த உறை, ஒரு ஜோடி மாற்றுக் கம்பி. அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் மகளுக்கு முக்கால் அளவு நைலான் கிட்டார் வாங்கினோம். "ரெண்டு வருஷத்துல சின்னதாப் போயிருமே" என்றார் என் கணவர். அவர் சொன்னது சரிதான், ஆகத்தான் போகிறது. ஆனால் சின்னக் கிட்டாரைத் தேடி வாங்க ஆள் எப்போதும் இருக்கிறார்கள். மாஸ்டரிடம் சொல்லி வைத்தால் அடுத்த குழந்தைக்குக் கை மாறிவிடும். வாங்கும்போதும் அதே வழியில் பழையதாகக் கேட்டுப் பார்க்கலாம்.

பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு?

என் மாமியார் கேட்ட கேள்வி இது. "பாட்டுன்னா வாய்ப்பாட்டு, வீணைன்னு கத்துக்கட்டும். வெள்ளைக்காரன் வாத்தியம் எதுக்குச் சாமி?" என்றார்.

தேனிப் பக்கம் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய சங்கீதம் கற்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். 1980-ல் வந்த 'மூடுபனி' படத்திலும், 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்திலும் கிட்டாரோடு வரும் அந்த நிலாப் பாட்டுகளை எங்கள் தறிக் குடோன் ரேடியோவில் கேட்டுத்தானே நாமெல்லாம் வளர்ந்தோம்! ஆர். பிரசன்னா என்பவர் கிட்டாரிலேயே கர்நாடக சங்கீதக் கச்சேரி செய்கிறார். அதைப் போனில் போட்டு என் மாமியாரைக் கேட்க வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "வீணையாட்டத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு ஆட்சேபணை வரவில்லை.

பரீட்சை எழுதச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு டிரினிட்டி தேர்வுகள் நம் நாட்டிலும் நடக்கின்றன. ஆரம்ப நிலைக்குப் பிறகு எட்டு கிரேடுகள். ஆனால் அதற்கு அவசரம் வேண்டாம். முதல் வருடம் குழந்தை ஆசையோடு எடுத்து வாசித்தாலே போதும்.

முதல் ஒரு மாதம்

சரியான கிட்டாரிலும் முதல் மூன்று, நான்கு வாரம் விரல் நுனி வலிக்கும். பிறகு தோல் தடித்துவிடும். இதை முதலிலேயே குழந்தைக்குச் சொல்லிவிடுங்கள். புது ஊசி பிடிக்கும்போது நமக்கும் அப்படித்தானே இருந்தது?

வலி நுனித் தோலில் மட்டும் இருந்தால் கவலை வேண்டாம். மணிக்கட்டிலோ, கட்டைவிரல் அடியிலோ, தோளிலோ வலி என்றால் உட்காரும் விதமோ கிட்டாரின் அளவோ சரியில்லை என்று அர்த்தம். நிறுத்திவிட்டு மாஸ்டரிடம் காட்டுங்கள்.

இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பதில் பயனில்லை. கிட்டாரை உறைக்குள் போட்டு அலமாரி மேல் வைத்தால் மறந்துபோகும். குழந்தை கைக்கு எட்டுகிற இடத்தில், சுவர் மூலையில் இருக்கட்டும்.

தினமும் வாசிக்கும் முன் சுருதி சேர்க்கப் பழக்குங்கள். புது நைலான் கம்பி சில நாள் வரை நெகிழ்ந்துகொண்டே இருக்கும். கிட்டார் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

பரணில் இருக்கிறதா?

இனி அந்தப் பையன் கதை. மாஸ்டர் அந்தக் கிட்டாரைத் திருப்பித் தரும்போது, "இதை யாரும் தூக்கிப் போட வேண்டாங்க. கம்பியை மாத்தி, எலும்புப் பட்டையைக் கொஞ்சம் தேய்ச்சு எறக்கினா நல்லா இருக்கும். அந்தத் தம்பிக்கு இப்பப் பன்னண்டு வயசுன்னா அளவும் சரியாத்தான் இருக்கும்" என்றார். அக்காவிடம் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் கம்பி விலையும் கூலியும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான் ஆகும் என்றதும் சரி என்றார். 10 கம்பி மாட்டி, பட்டையைத் தேய்த்து வந்தது.

பையன் முதலில் தொடவே இல்லை. இரண்டு நாள் கழித்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து எடுத்திருக்கிறான். அடுப்படியில் இருந்த அக்காவிடம் ஓடி வந்து, "அம்மா, சத்தம் வருதும்மா! அன்னிக்கு வரவே இல்லையே, இப்ப வருது" என்றானாம். என்னிடம் சொல்லும்போது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலு வருஷம் புள்ளையப் போட்டுத் திட்டிட்டேனே அம்மிணி" என்றார். இப்போது அவனும் என் மகளும் ஒரே மாஸ்டரிடம் போகிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடந்தால், விற்பதற்கு முன் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

வெயிலும் வேர்வையும்

கிட்டாருக்குப் பெரிய எதிரி வெயில். சித்திரை மாதத்தில் கதவை மூடி நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் போய்விடாதீர்கள். பசை இளகிப் பலகை பெயரும். தகரக் கூரைக்கு நேர் கீழே, ஜன்னல் வெயில் படும் இடம், அயனிங் டேபிள் பக்கம், இங்கெல்லாம் வைக்கக் கூடாது. ஈரச் சுவரிலும் சாய்க்கக் கூடாது.

வாசித்து முடித்ததும் கம்பியைத் துடைத்து வைக்க வேண்டும். கை வேர்வையில் ஸ்டீல் கம்பி துருப்பிடிக்கும். இதற்கென்று கடையில் தனியாகத் துணி விற்கிறார்கள். நமக்கு எதற்கு? பனியன் வேஸ்ட்டில் நல்ல பருத்தித் துண்டு ஒன்று எடுத்து உறைக்குள் போட்டு வையுங்கள். அதை விட நல்ல துணி கிடையாது!

சகோதரிகளே, இந்த வருடம் உங்கள் வீட்டில் கிட்டார் கேட்கும் குழந்தை இருந்தால், அதையும் கடைக்குக் கூட்டிப் போங்கள். தையல் டேப், பள்ளிக்கூட ஸ்கேல், போன் மூன்றும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். குழந்தையின் கைக்குச் சரியாக உட்காருகிற கிட்டாரை வாங்கிக் கொடுங்கள். அதற்குப் பிறகு வாசிக்க வருகிறதா, வரவில்லையா என்பதை அவசரப்படாமல் பார்த்துக்கொள்ளலாம்.